கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குருக்கள்

கல்லிடைக்குறிச்சியில் ஆற்றைப் பார்த்து நிற்கும் ஒரு சின்னச் சிவன் கோவிலுக்கு என் கணவர் ஸ்ரீசரண்தான் குருக்கள். தீபாராதனை முடிந்ததும் கற்பூரத் தட்டை வெளியே கொண்டுவருவார். வந்தவர்கள் எல்லோரும் சுடரின் மேல் கையைக் காட்டி, அந்தச் சூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். இவர் மட்டும் ஒற்றிக்கொள்ள மாட்டார். தட்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு விபூதி கொடுக்க ஆரம்பித்துவிடுவார்.

இதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. பழைய குருக்களுக்கு, அதாவது என் மாமனாருக்கு, இருந்த பக்தி பிள்ளைக்கு இல்லையாம். கோவில் வாசலில் பூக்கட்டும் பாலம்மாள் என் காதுபடவே சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒற்றிக்கொள்ள இவருக்கு ஆசை இல்லாமலா? கையில் விபூதித் தூள், எண்ணெய்ப் பிசுக்கு, கற்பூரக் கரி. அந்தக் கையைக் கண் பக்கம் கொண்டுபோனால் அன்றைக்கு அவ்வளவுதான். கண்ணுக்குள் லென்ஸ் இருக்கிறது. இதை ஒவ்வொருத்தரிடமும் நின்று விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. நான் அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். காலை பஸ்ஸை விட்டால் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் ஒரே தடவையாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

இவருக்கு வந்திருப்பது கெரட்டோகோனஸ். கண்ணின் முன்னால் உருண்டையாக இருக்க வேண்டிய கருவிழி, மெலிந்து மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிவிடும். அப்புறம் எதைப் பார்த்தாலும் ஒன்று பலவாகத் தெரியும். நிழல் நிழலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். கண்ணாடி போட்டாலும் பெரிதாகத் தேறாது. கண்ணைக் கசக்கக் கசக்க இன்னும் மோசமாகும். விபூதியும் புகையுமாகவே வளர்ந்த பிள்ளை. அரிக்கும், கசக்கும், மறுபடி அரிக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்த வியாதி முதலில் எட்டிப்பார்த்த இடம் சந்நிதிதான். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது இவர் அப்பாவுக்கு உதவியாக உள்ளே நிற்பாராம். அப்பா பஞ்சு குருக்கள் ஒற்றைச் சுடரை ஏந்திக் காட்டுவார். ஒருநாள் பிள்ளை கேட்டிருக்கிறது, ஏழெட்டுச் சுடர் இருக்கே, இதை ஏன் ஏகதீபம் என்று சொல்கிறோம் என்று. கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து மாமனார் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். அதற்கப்புறம் இவர் கேட்கவே இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது, பெரியவர்கள் மரியாதைக்காக ஒன்று என்று சொல்கிறார்கள் என்று முடிவுபண்ணிக்கொண்டார்.

விஷயம் வெளியே வந்தபோது மீசை முளைத்துவிட்டது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள். கண்ணில் சொட்டு விட்டு, நீல விளக்கைக் காட்டிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சை நடந்தது. அது இதற்குமேல் கெடாமல் பிடித்து நிறுத்தியது, கெட்டது கெட்டதுதான்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது இவர் கண்ணாடியோடு வந்தார். பெரியவர்கள் மறைக்கச் சொல்லித்தான் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இவர் சொஜ்ஜித் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குக் கண்ணுல ஒரு கோளாறு உண்டு. உங்களைப் பார்த்தா இப்போ மூணு பேரா தெரியறேள். கல்யாணம்னு ஆனா நடுவுல இருக்கறவாளைத்தான் பண்ணிக்கணும்னு இருக்கேன்."

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புதான் சம்மதம் என்று அம்மா இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு அப்புறம் முதலில் வந்தது சின்ன லென்ஸ். கருவிழி மேல் மட்டும் உட்காரும், கெட்டியான சிறு வில்லை. பார்வை ஓரளவு தேறியது, நிழல் மட்டும் முழுசாகப் போகவில்லை. ஆனால் இவர் வேலை கணினி முன்னால் உட்காரும் வேலையா? கையில் விபூதியை அள்ளி அபிஷேகம் பண்ணுகிற வேலை. ஒரு துகள் உள்ளே போனால் கண்ணில் முள் குத்தியதுபோல் துடித்துப்போவார். மந்திரம் மட்டும் நிற்காது. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்ற ஊற்றச் சொல்லிக்கொண்டே இருப்பார். பார்க்கிறவர்கள் பக்தியில் உருகுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் உருகுவார்கள்.

ஒரு பிரதோஷத்தன்று பாலபிஷேகம் நடுவில் அந்த லென்ஸ் தெறித்து விழுந்துவிட்டது. பாலோடு போய்விட்டது. சந்நிதியிலிருந்து அபிஷேகத் தீர்த்தம் வெளியே விழுகிற கோமுகிக்குக் கீழே நான் குந்தி உட்கார்ந்து, வில்வ இலையையும் பாலையும் துழாவிக்கொண்டிருந்தேன். பட்டுப்புடவை வேறு. போகிறவர்கள் எல்லோரும், என்ன மாமி மூக்குத்தி விழுந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆமாம், மூக்குத்திதான் என்றேன். கிடைக்கவில்லை.

இவர் உள்ளே மிச்ச அபிஷேகத்தை ஒற்றைக் கண்ணால் முடித்துவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகும் வழியில் முதலில் இரண்டே வார்த்தைதான் பேசினார். வேற பார்க்கலாம் என்றார். நான் வேறு வேலை பார்க்கலாம் என்று புரிந்துகொண்டு, சரி, அதுவும் நல்லதுதான் என்றேன். இவர் நின்றுவிட்டார். வேறு லென்ஸ் பார்க்கலாம் என்றல்லவா சொன்னேன், சந்நிதியை விட்டுப் போகிற பேச்சை இன்னொரு தடவை எடுக்காதே என்றார். இவ்வளவு மெதுவாகப் பேசுகிற மனுஷனிடம் இத்தனை பிடிவாதம் எங்கே இருந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அப்படித்தான் பெரிய லென்ஸுக்கு வந்து சேர்ந்தோம். ஸ்க்லீரல் லென்ஸ் என்பார்கள். பழைய நாலணாக் காசைவிடக் கொஞ்சம் சின்னது, குழிந்த கிண்ணம் மாதிரி இருக்கும். கருவிழியைத் தொடாமல், சுற்றியிருக்கும் வெள்ளை விழி மேல் உட்காரும். கிண்ணம் நிறைய மருந்துக்கடை உப்புநீரை ஊற்றி, தலையைத் தரைக்கு நேராகக் குனிந்துகொண்டு, கீழிருந்து மேலாகக் கண்ணில் பொருத்த வேண்டும். அந்த நீர் நாள் முழுக்கக் கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவில் நிற்கும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தால்கூடப் பார்வை மறைக்கும். எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

கற்றுக்கொடுத்தது ஆஸ்பத்திரியில் லென்ஸ் பொருத்தும் ஹெப்சிபா. பாளையங்கோட்டைக்காரி, என் வயதுதான் இருக்கும். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. இவர் எத்தனையோ தடவை குமிழியோடு போட்டு, எடுத்து, கண் சிவந்து, தாடையில் உப்புநீர் ஒழுக உட்கார்ந்திருந்தார். போதும் சாமி, இன்னொரு நாள் வாங்க என்று அவளே சொன்னாள். இவர் நிமிரவே இல்லை. குனிந்த தலையோடு, அடுத்த குப்பியைக் கொடுங்கோ என்று கையை நீட்டினார். சாயங்காலம் ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்குகிற நேரத்தில் லென்ஸ் உட்கார்ந்தது.

அன்றைக்குச் செங்கோட்டை ரயிலில் திரும்பி வரும்போது ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளை ஒன்றுவிடாமல் வாசித்துக்கொண்டே வந்தார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. மறுநாள் காலை பூஜை முடிந்து தட்டோடு வெளியே வந்தவர் என் முன்னால் நின்று, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"ஒண்ணுதான்டீ. நிஜமாவே ஒண்ணுதான்."

சுடரைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. இந்த வயதில் முதல்முறையாக ஏகதீபத்தை ஏகமாகப் பார்த்திருக்கிறார். இவருக்கு அந்த ஒரு சுடர்தான் எல்லாம். கார் ஓட்ட ஆசை கிடையாது, சினிமா பார்க்கிற பழக்கம் கிடையாது. காட்டுகிற தீபம் காட்டுகிறவனுக்கு ஒன்றாகத் தெரிய வேண்டும். அதைக் காப்பாற்றத்தான் அப்புறம் பட்ட பாடெல்லாம்.

பாடு வந்தது மார்கழியில். மார்கழி என்றால் விடியற்காலையில் ஆற்றில் முழுக்குப் போட்டு, படித்துறையிலிருந்து நேரே கோவிலுக்குப் போய்விடுவார். வீட்டுக்கு வந்து போக நேரம் இருக்காது. லென்ஸைப் போட்டுக்கொண்டு குளிக்கக் கூடாது என்பது ஹெப்சிபாவின் உத்தரவு. அதனால் குளித்தபிறகு மடைப்பள்ளியில் உட்கார்ந்து போட்டுக்கொள்வார். அதை மாமனார் பார்த்துவிட்டார்.

எங்கள் வீடுகளில் மடி என்று ஒன்று உண்டு. குளித்து, யாரும் தொடாமல் தனியாக உலர்ந்த வேஷ்டி கட்டிக்கொண்டு, மடியில்லாத எதையும் தொடாமல்தான் சுவாமிக்குக் கிட்டப் போகலாம். அதுவரை வீட்டில் தன் அறையில் லென்ஸ் போட்டுக்கொண்டு, தலையில் நாலு சொட்டுத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனதால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது அப்பாவின் கண்ணெதிரே பிள்ளை ஒரு பிளாஸ்டிக் குப்பியின் மூக்கைத் திருகிக்கொண்டிருக்கிறார். மருந்துக்கடையில் எவனெவனோ தொட்ட குப்பியைத் தொட்ட கையோடு சுவாமியைத் தொடப்போகிறாயா என்று மாமனார் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. முழங்கால் வலியோடு மண்டபத் தூணில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இவர் அப்பாவிடமும் சண்டை போடவில்லை, பூஜையையும் விடவில்லை. யோசித்தார். இவர் யோசித்தால் எனக்குப் பயம்தான். லென்ஸும் அதன் டப்பாவும் தன்னுடையவை, அலம்பி மடியாக்கிவிடலாம். குப்பிதான் கடைச் சாமான். குப்பிக்குப் பதில் எது? பக்கத்திலேயே இருக்கிறது திருமஞ்சனக் குடம். விடியலில் ஆற்றிலிருந்து சுமந்து வந்த தீர்த்தம். சுவாமி திருமேனியில் விடுகிற தாமிரபரணியைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் இருக்கிறதா? இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். அல்வாவுக்கும் அந்தத் தண்ணீர்தான் காரணம், அப்பளத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் காரணம், எங்கள் ஆட்களின் வாய்க்கொழுப்புக்கும் அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லி வளர்ந்தவர்கள்.

ஆனால் இவர் அவசரக்காரர் இல்லை. முதலில் வலது கண்ணில் மட்டும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு. வலதுக்குத் தீர்த்தம், இடதுக்கு அப்பாவுக்குத் தெரியாமல் குப்பி. சில நாள் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. வலது கண் இன்னும் குளிர்ச்சியாக இருப்பதாகக்கூடத் தோன்றியதாம். அடுத்த வாரம் இடதையும் மாற்றிவிடலாம் என்று இருந்தார். வீட்டில் ஒரு அறிவியல் டீச்சர் இருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்போம் என்று தோன்றவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டார்.

வலி பைய ஆரம்பித்தது. முதலில் வெளிச்சம் ஆகவில்லை; புகை பட்டது என்றார். அப்புறம் கண் சிவந்தது. அப்புறம் ஒரு நாள் பூஜை முடித்து வந்தவர் நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோவிலில் தேள் கொட்டியபோதுகூட வாயைத் திறக்காதவர். நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஜங்ஷனுக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன்.

ஹெப்சிபா கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு, நீல விளக்கில் பார்த்தாள். முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தார். கருவிழியில் புண், தண்ணீரிலிருந்து வருகிற கிருமியாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் பரிசோதனைக்கு எடுத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் ஹெப்சிபா நாற்காலியை இழுத்துப்போட்டு இவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சாமி, உண்மையச் சொல்லணும். லென்ஸுக்குள்ள எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"

இவர் மறைக்கவில்லை. தீர்த்தம் என்றார். எந்தத் தீர்த்தம் என்று அவள் கேட்டாள். ஆற்றுத் தீர்த்தம் என்று தலை நிமிர்ந்தே சொன்னார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஹெப்சிபா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"நானும் அந்த ஆத்துத் தண்ணியக் குடிச்சு வளந்தவதான், சாமி. அதப் பழிச்சுப் பேசமாட்டேன். குடிக்கலாம், குளிக்கலாம். ஆனா கண்ணுக்குள்ள நாள் பூரா அடைச்சு வைக்க எந்தத் தண்ணியும் ஆகாது. எங்க வீட்டுக் குழாய்த் தண்ணியும் ஆகாது, கொதிக்க வச்ச தண்ணியும் ஆகாது. ஆறுன்னு இல்ல. தண்ணின்னாலே ஆகாது."

இவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சுடர் மறுபடி ஒன்றாகத் தெரியுமா என்றார். அவளுக்கு ஏகதீபம் பற்றித் தெரியும். முதல்தடவை பெரிய லென்ஸ் போட்டபோது இவரே சொல்லியிருக்கிறார். அவள் பொய் சொல்லவில்லை. புண் ஆறணும், தழும்பு எங்க விழுதுன்னு பாக்கணும், இப்ப ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல சாமி என்றாள். இடது கண்ணில் ஒன்றும் இல்லை. அந்த அரைகுறைச் சோதனைதான் இடது கண்ணைக் காப்பாற்றியது. அதைச் சொல்லிச் சொல்லியே ரயிலில் இவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். ஏன்னா, உங்களுக்குப் புத்தி இருக்கா, இருந்தா அதை எந்தப் படித்துறையில் விட்டேள் என்று கேட்டேன். எதிர் சீட்டில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். இவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் மாதக்கணக்கில் சொட்டு. ராத்திரி பகல் பாராமல் சொட்டு. ஆரம்பத்தில் கொஞ்ச நாள் இரண்டு கண்ணிலும் லென்ஸ் கூடாது என்றுவிட்டார்கள். யாரையாவது மாற்றுக்கு ஏற்பாடு பண்ணலாம் என்று கோவில்காரர்கள் நயமாகச் சொல்லிப் பார்த்தார்கள். இவர் கேட்கவில்லை. புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதால் கற்பூரம் நிறுத்தி, புகை போகாமல் கண்ணைச் சுற்றி அடைக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு ஒற்றை நெய்த்தீபம் காட்டினார். வஸ்திரம் சாத்துவது, பூச் சாத்துவது எல்லாம் கைப்பழக்கத்தில். மாமனார் மண்டபத்தில் உட்கார்ந்து மந்திரம் சொல்லுவார். இவர் உள்ளே தடவித் தடவிச் செய்வார். ஒரு நாளும் பூஜை நிற்கவில்லை. தீபத்தைக் காட்டும்போது மட்டும் இவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதை நான் பார்க்காமல் இருக்க முயற்சி பண்ணுவேன்.

புண் ஆறியது. தழும்பு விழுந்தது, நல்லவேளை, நட்ட நடுவில் இல்லை, கொஞ்சம் ஓரமாக. புது அளவெடுத்துப் புது லென்ஸ் செய்யலாம் என்று ஹெப்சிபா சொன்ன அன்று வீட்டில் பெரிய சண்டை நடந்தது.

மாமனாரைப் பொறுத்தவரை இவர் கண்ணைக் கெடுத்தது லென்ஸ்தான். கண்ணுக்குள் பிளாஸ்டிக்கை வைத்தால் இப்படித்தான் ஆகும் என்பது அவர் கட்சி. தீர்த்தத்தைக் குற்றம் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. சுவாமி மேல் விழுகிற தீர்த்தம் கண்ணைக் கெடுக்குமா என்று கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன், கிருமி, நுண்ணோக்கி என்று. அவர் என் பக்கமே திரும்பவில்லை.

இவர் எழுந்து பூஜை அறைக்குள் போனார். அங்கே மாடத்தில் மாமனார் காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் சொம்பு இருக்கிறது. வாயை ஈயம் வைத்து அடைத்த சின்னச் செப்புச் சொம்பு. அதைக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு உப்புநீர்க் குப்பியை வைத்தார்.

"அப்பா, இந்தச் சொம்பைக் காசியில யார் அடைச்சா? கடைக்காரன் எவனோ அடைச்சான். அவன் ஸ்நானம் பண்ணினானான்னு நாம கேட்டோமா? வாய் அடைச்சிருக்கு, உள்ளே எதுவும் போகலைன்னு பூஜையில வெச்சுண்டிருக்கோம். இந்தக் குப்பியும் வாய் அடைச்சதுதான். நான் இதைத்தான் ஊத்திண்டு உள்ளே போவேன். தீர்த்தம் சுவாமிக்கு. இது என் கண்ணுக்கு. சுவாமிக்குப் பிடிக்கலைன்னா சுவாமியே சொல்லட்டும்."

மாமனார் சொம்பைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார். உன் கண், உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு அந்தப் பதில் சம்மதமா கோபமா என்று புரியவில்லை. இவருக்கும் புரியவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால், குப்பிகள் இருந்த அட்டைப்பெட்டி பூஜை மாடத்தில் காசிச் சொம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நான் துடைப்பதற்காக அதை நகர்த்தப் போனேன். குளிக்காமல் அதைத் தொடாதே என்று கூடத்திலிருந்து மாமனாரின் குரல் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பெட்டிக்கு அவர்தான் காவல். நான் இன்றைக்கும் அதன் கிட்டப் போக முடியாது.

இதை ஹெப்சிபாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அப்புறம் இவரிடம் கையை எப்படிக் கழுவுவீர்கள், எதில் துடைப்பீர்கள் என்று விசாரித்தாள். சோப்புப் போட்டுக் கழுவி, யாரும் தொடாமல் தனிக் கொடியில் உலர்ந்த துணியில் துடைப்பதாக இவர் சொன்னார்.

"இதத்தான் நான் வாரவங்ககிட்ட எல்லாம் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லுதேன், ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க. நீங்க சொல்லுத மடியும் நான் சொல்லுத சுத்தமும் ஒண்ணுதான், சாமி. தண்ணியில மட்டுந்தான் நமக்குள்ள சண்ட. கை சொட்டு ஈரம் இல்லாமக் காஞ்சிருக்கணும்."

அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் வேலையே ஈரத்தில் நடக்கிற வேலை. ஈர வேஷ்டி, ஈரக் கை, உள்ளங்கையில் தீர்த்தம் விட்டு உறிஞ்சுகிற ஆசமனம். இவர் எல்லாவற்றையும் மாற்றி வரிசைப்படுத்தினார். ஆற்றில் முழுக்கு, வீட்டுக்கு வந்து தலையை நன்றாகத் துவட்டல், உலர்ந்த மடி வேஷ்டி, தனித் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக் கை காய்கிறவரை சும்மா உட்காருதல். அப்புறம் பித்தளைத் தாம்பாளத்தின் மேல் குனிந்து, குப்பி, லென்ஸ், கண். அதன்பின் பூஜை முடிகிறவரை முகத்தில் தண்ணீர் படாது. உள்ளே அபிஷேகம் தெறிக்காமல், விபூதி பறக்காமல் இருக்க மேலே ஒரு வெற்றுக் கண்ணாடி. வீட்டுக்கு வந்து போவதால் மார்கழியில் இன்னும் முன்னதாக எழுந்திருக்க வேண்டும். எழுந்தார். ஆற்றங்கரைப் பனியில் இவர் போகிறபோது தெருநாய்கூட எழுந்திருக்காது.

புது லென்ஸ் வலது கண்ணில் லேசில் உட்காரவில்லை. தழும்பு உறுத்தியது. இரண்டு முறை திருப்பி அனுப்பி அளவு மாற்றினார்கள். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்ச நேரம் என்று பழக்கினார்கள். தெரிகிறதா என்று நான் கேட்பேன். பார்க்கலாம் என்பார். தீபத்தைப் பார்த்தேளா என்று கேட்பேன். இடது கண் பார்க்கிறது, வலது அதோடு சேர்ந்துகொள்கிறது, தனியாக இன்னும் பார்க்கவில்லை என்பார். ஏன் பார்க்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பயம் என்று எனக்குத் தெரியும். இத்தனை பிடிவாதக்காரருக்கு அந்த ஒரு விஷயத்தில் பயம்.

அந்த மார்கழித் திருவாதிரை அன்று கோவில் நிறைந்து வழிந்தது. உள்ளூர்க்காரர்கள், மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள், களிப் பாத்திரத்தோடு பாலம்மாள், எல்லோரும். நான் நடராஜருக்கு நேராக முன்வரிசையில் நின்றேன். மாமனார் தூணோடு சாய்ந்திருந்தார். கற்பூரம் மறுபடி அனுமதித்திருந்தார்கள். இவர் தட்டை ஏந்தினார். மணி அடித்தது. எல்லோரும் கை கூப்பினார்கள்.

தட்டோடு வெளியே வந்தார். வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தவர் என் முன்னால் வந்து நின்றார். நின்று, அத்தனை பேர் பார்க்க, இடது கண்ணை இறுக்க மூடினார்.

குருக்கள் பெண்டாட்டியைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது, திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கவனித்தேன், இவர் என்னைப் பார்க்கவில்லை. வலது கண்ணால் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"ஓரத்துல கொஞ்சம் மங்கல்டீ," என்றார். "ஆனா ஒண்ணு. ஒண்ணேதான்."

தூணுக்குப் பக்கத்தில் மாமனார் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாலம்மாள் வழக்கம்போல இவர் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுடர்மேல் கையைக் காட்டி என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கையை மறுபடி நீட்டி, இவருக்காக இன்னொரு தடவை ஒற்றிக்கொண்டேன்.